சேம அச்சும் ஸ்டெப்னியும்

முல்லைத் திணைப் பாடல்களை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. அந்தப் பாடல்களில் தேர் ஆணுக்குக் காட்சியாகவும் பெண்ணுக்குச் சத்தமாகவும் இருக்கிறது. அவன் தேரில் நின்றபடி பாகனை விரைவுபடுத்துகிறான். காடும் மானும் கார்காலப் பூக்களும் அவன் கண்ணில் படுகின்றன. அவள் வீட்டில் இருந்துகொண்டு மணியோசைக்குக் காது கொடுத்திருக்கிறாள். அகநானூற்றின் 4ஆம் பாடல் குறுங்குடி மருதனார் பாடியது. அதில் தலைவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். பூக்களில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாது என்ற அச்சம் அவனுக்கு. தோழி இதைத் தலைவிக்கு ஆறுதலாகச் சொல்கிறாள். அந்த அருள் உள்ளத்தை வியந்து நாம் தேர்வுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். வண்டுகளுக்காக மணியைக் கட்டியவன், அந்த மணிக்காகவே காத்திருந்தவளின் காதை நினைத்தானா என்ற கேள்வியை ஒரு வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரை காரின் பிரேக் பேடை வீட்டில் வைத்து மாற்றுவது பற்றியது. சங்கப் பாடலில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் தேய்வது முதலில் காதுக்குத்தான் தெரியும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் பிடித்து அழுத்தி நிறுத்துபவை பேடுகள். பல கார்களில் பேடின் ஓரத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். உராயும் பகுதி தேய்ந்து தீரப்போகும் நேரத்தில் அந்தத் தகடு தட்டில் பட்டுக் கீச்சிடும். வண்டி பேசும் மொழி அது. ஓட்டுபவருக்குக் கேட்க வேண்டும் என்றே செய்து வைத்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பேடின் அடித்தகடே இரும்பில் உரசத் தொடங்கும். தட்டு பள்ளம் விழும், வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும்.

வேகம் குறைக்கும்போது முன்சக்கரத்தில் இப்படி ஒரு சத்தம் வருகிறது என்று ஒரு பட்டறையில் சொன்னேன். “ரோட்டுத் தூசிம்மா, தண்ணி அடிச்சு விட்டா சரியாப் போயிரும்” என்றார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் போய்ச் சொன்னேன். “சார் ஓட்டிப் பாத்தாங்களாம்மா?” என்று கேட்டார்கள். தினமும் நான் ஓட்டுகிற வண்டி, நான் கேட்கிற சத்தம். அது உண்மையாக இன்னொரு காது சான்று சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் தன் வலியைச் சொல்லும் பெண்ணுக்கும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் தன் நிலத்தைப் பற்றிச் சொல்லும் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. கைவலிமை பற்றி இங்கே பேச்சே எழவில்லை. ஒரு பெண் கவனித்ததைத் தகவலாக ஏற்பதா வேண்டாமா என்பதே பிரச்சினை.

*

நான் வசிக்கும் ஆயக்குடிக்குப் பக்கத்தில்தான் பழனி. சங்கப் பாடல்களில் பொதினி என்று வருவது அதுதான் என்பர். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் நாடு. அவன் துணைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்ததையும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவளுக்காக அவனிடம் போய் இரந்ததையும் புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களில் படிக்கிறோம். எங்களுக்குப் பரிசில் வேண்டாம், தேரேறிப் போய் அவள் துயரைத் தீர் என்பதுதான் பரணரின் வேண்டுகோள். புலவர்களின் பரிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்தப் பாடல்களில் தேர் பேகனுடையது, அதைப் பூட்டச் சொல்லும் வாய் புலவனுடையது. கண்ணகிக்குக் கிடைப்பது அழுகை. தேர் வந்தால்தான் அவள் கதை நகரும்.

இந்த வரிசையில் சேராதவர் ஔவையார். அதியமானைப் பாடிய ஔவையாரின் பாடல்களை வீரம், கொடை, நட்பு என்ற தலைப்புகளில் வகுத்துப் படித்துப் பழகிவிட்டோம். வேறொரு தலைப்பும் வைக்கலாம்: பட்டறை. 87ஆம் பாடலில், நாளுக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். இந்த உவமையைச் சொல்ல வேண்டுமென்றால் சாதாரணச் சக்கரம் எத்தனை நேரத்தில் முடியும், நல்ல சக்கரத்துக்கு எங்கே நேரம் பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டிக் காவல் வீட்டில் இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பளபளக்கும் கருவி வேலை செய்யாத கருவி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண் அது. சேவை முடிந்து கழுவிப் பளபளப்பாகத் திரும்பி வரும் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடல் நினைவுக்கு வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது 102ஆம் பாடல். அதியமானின் மகன் எழினியைப் பாடுவது. உப்பு ஏற்றிப் போகும் உமணர்களின் வண்டி. எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அந்த அச்சைப் போன்றவன் எழினி என்கிறார் ஔவையார். ஒரு தலைவனைப் புகழ யானையையும் புலியையும் தேடிப் போகாமல், வண்டிக்கு அடியில், சேறு தெறிக்கும் இடத்தில், யாரும் பார்க்காமல் தொங்கும் உதிரி மரத்தைத் தேடிப் போயிருக்கிறார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவருக்கே அந்த உவமை கிடைத்திருக்கும்.

நம் காலத்துச் சேம அச்சுக்கு ஸ்டெப்னி என்று பெயர். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அன்றைய கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, கப்பலேறி இங்கே வந்து நின்றுவிட்டது. வந்த சொல்லுக்கு நாம் கொடுத்த இரண்டாவது பொருளைத் தமிழ் பேசும் எல்லாரும் அறிவோம். ஒருவன் மனைவிக்கு அப்பால் வைத்திருக்கும் பெண். பட்டறையில், டீக்கடையில், திரைப்பட நகைச்சுவையில் அந்தப் பொருளில்தான் சிரிக்கிறார்கள். ஒரே பொருள், இரண்டு உவமைகள். பெண் புலவர் ஒருவர் அதைச் சொன்னபோது, ஆபத்தில் கைவிடாதவன் என்ற புகழ் ஒரு தலைவனுக்குக் கிடைத்தது. ஆண்கள் கூடும் பட்டறையில் அதைச் சொன்னபோது, தேவைப்பட்டால் மாட்டி, தேவை முடிந்தால் கழற்றிப் போடும் சாமான் என்ற வசை ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. சொல்லின் கொச்சை ஒருபுறம் இருக்கட்டும். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் இடத்துக்குத்தான் ஒரு பெண் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய், முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேக்குக்கும் நம் மொழியில் ஒரு பழைய சொல் உண்டு: முட்டுக்கட்டை. கோயில் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து வேகத்தைக் குறைப்பார்கள். திருப்பத்தில் திசை மாற்றுவார்கள். நிலைக்கு வந்ததும் நிறுத்துவார்கள். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் பழனியில் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிப்பதற்குப் பலம் போதும், கட்டை போடுவதற்குக் கணக்கு வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. காரின் பிரேக் மிதியை அழுத்தும்போது எண்ணெயின் வழியாகச் சக்கரத்துக்குப் போகும் அதே விசைதான் அங்கேயும். தேரோட்டத்தில் இவ்வளவு மதிப்புள்ள பொருள் பேச்சில் மட்டும் வசையாகிவிட்டது. மகன் கடன் வாங்கித் தொழில் தொடங்குவதைத் தாய் எதிர்த்தால் முட்டுக்கட்டை. நிலத்தை விற்கக் கூடாது என்று மனைவி சொன்னால் முட்டுக்கட்டை. நிறுத்து என்று சொல்லும் குரல் பெண்ணுடையதானால் அது தடையாகத்தான் காதில் விழுகிறது. அதே பெண்ணுக்கு அடக்கம் வேண்டும் என்று காலம் காலமாகப் போதிக்கவும் செய்கிறோம். தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டிய பொறுப்பு அவளுக்கு உண்டு, பிறரை நிறுத்தும் உரிமை இல்லை. பல கோயில்களில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். கட்டை போடும் இடத்தில் ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

தமிழ் சினிமாவும் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறது. பணக்காரக் கதாநாயகி காரை ஓட்டி வருகிறாள் என்றால் அவள் திமிர் பிடித்தவள் என்று பொருள். ஆளில்லாத சாலையில் கார் நின்றுபோகும். அவள் கைப்பையோடு வெயிலில் நிற்பாள். அவன் வந்து பானெட்டைத் தூக்குவான். உள்ளே அவன் என்ன செய்தான் என்று கேமரா ஒருபோதும் காட்டுவதில்லை. காட்டினால் அது ஒரு கம்பியைச் சொருகும் வேலை என்று அவளுக்கும் நமக்கும் தெரிந்துவிடும்.

*

ஆகவே மறைத்து வைத்ததைக் கொஞ்சம் காட்டுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகளோடு சேர்ந்து முன்சக்கரப் பேடுகளை வாசலில் வைத்து மாற்றினேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். அதுவும் முட்டுக்கட்டைதான். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுழலும், ஜாக்கி நழுவும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பின் பாரத்தை இரும்பு ஸ்டாண்டு தாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டுவது உயிரோடு விளையாடுவது.

சக்கரத்தைக் கழற்றினால் தட்டும் அதைக் கவ்விய காலிப்பரும் தெரியும். எங்கள் வண்டியில் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் காலிப்பர் கதவுபோல் மேலே திறந்துகொண்டது. முழுதாகக் கழன்று வரும் வகையானால் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாயில் அதன் பாரம் விழக் கூடாது. பழைய பேடை உருவி எடுத்து, உராயும் பகுதியின் கனத்தைப் பார்த்தோம். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுவது நல்லது. எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. “பெரியம்மா, இந்தத் தகடு இரும்புல பட்டுப் பளபளன்னு ஆயிருச்சு பாருங்க” என்றாள் அவள். தண்ணீர் அடித்தால் போய்விடும் என்று சொல்லப்பட்ட சத்தத்துக்கு உடல் கிடைத்தது.

அங்கே படிந்திருக்கும் கரிய தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய வகைப் பேடுகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தோம். புதிய பேடுகள் கனமானவை என்பதால் அவற்றுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன்மேல் வைத்து, தச்சர்கள் பயன்படுத்தும் இறுக்கியால் மெதுவாக அழுத்தினோம். அப்போது பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் எண்ணெய்க் குப்பியில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நகரும் பின்களில் அதற்குரிய கிரீஸ். பேடின் முகத்திலோ தட்டிலோ ஒரு சொட்டு கிரீஸோ எண்ணெயோ படக் கூடாது. ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். ஆனால் இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும். ஒன்று புதிதாகவும் ஒன்று பழையதாகவும் இருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

முடித்ததும் வண்டியை எடுக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்து மிதித்து விட வேண்டும். முதல் மிதியில் கால் தரைவரை போகும். பிஸ்டன் முன்னே வந்து பேடைத் தொட்ட பிறகே மிதி கெட்டியாகும். இதைச் செய்யாமல் தெருவுக்கு எடுத்தவருக்கு முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது. பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும்; புதிய பேடு தட்டோடு பழகும்வரை திடீர் பிரேக்கைத் தவிர்க்க வேண்டும்.

இந்த வேலையைச் சமையலோடு ஒப்பிட்டு, பெண்களுக்கு இது சுலபம் என்று நிறுவும் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அந்த ஒப்பீடு வேண்டாம். சமையலறை வழியாகத்தான் பெண் எதற்கும் தகுதி பெற வேண்டும் என்ற கருத்து அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்த வேலைக்கு வேண்டியவை வரிசை தவறாத பொறுமை, சரியான கருவி, தெரியாத இடத்தில் கேட்கும் துணிவு. இவை எந்தப் பாலுக்கும் உரியவை அல்ல.

*

பிரேக் பேடின் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு அவர் உருவாக்கிய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. ஓர் ஊரில் செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய உராய்வுப் பகுதி என்ற எண்ணம் அந்தத் தோலிலிருந்து தொடங்குகிறது.

இந்தக் கதையைத் துணிச்சலான மனைவியின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டு விஷயங்கள் விடுபடுகின்றன. முதலாவது, திருமணத்துக்கு முன்பே பெர்த்தாவின் சீதனப் பணம் கார்லின் தொழிலுக்குள் போயிருந்தது. நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கார் வாங்கிக் கொடுக்கக் கடன்பட்ட பெண்வீட்டார் எத்தனை பேர். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். இன்றும் பெண்ணின் அப்பா பணத்தில் வந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மாப்பிள்ளையின் பெயர் இருக்கிறது, சாவி அவன் சட்டைப்பையில் இருக்கிறது. இரண்டாவது, அந்தத் தோலை அடித்த செருப்புத் தொழிலாளி. அவருடைய கையில்லாமல் அந்த எண்ணம் எண்ணமாகவே நின்றிருக்கும். தோலைத் தொடும் கையை ஊருக்கு வெளியே தள்ளி வைத்த சாதிச் சமூகத்தில், இந்தச் சந்திப்பே நடந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். கருவி தொட்டவரை இழிவாக்கி, பெண்ணைக் கருவியே தொடாமல் விலக்கி, அறிவை ஏட்டில் மட்டும் வைத்துக்கொண்ட மரபு நம்முடையது. ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குச் சந்தனம் வைப்பதால் அது மாறிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வீட்டு வேலை, கல்லூரி வேலை, பிள்ளை வளர்ப்பு, முதியோர் கவனிப்பு எல்லாவற்றோடும் இனிப் பிரேக் மாற்றுவதையும் பெண்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்யத் தெரிந்தவருக்கே செய்யாமல் இருக்கும் உரிமையும் வருகிறது. ஒருமுறை கழற்றிப் பார்த்தவரிடம் பட்டறைக்காரர் பேசும் விதம் மாறுகிறது. பழைய பேடைக் காட்டுங்கள், கனம் எவ்வளவு இருக்கிறது, தட்டை எதற்காக மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்க முடிகிறது. 1993இல் குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஏறியபோது, பெண்ணால் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட முடியுமா என்ற சந்தேகம் அவரோடு முடிந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்தும் ஓட்டும் பெண் செய்தியாகிறாள். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் பெண் செய்தியாகக்கூட வருவது அரிது.

சொந்தக் கார் இருக்கும் என்னைப் போன்ற சம்பளக்காரிகளோடு இந்தப் பேச்சு முடிந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர்போன ஊர். பறிக்கவும் தரம் பிரிக்கவும் களையெடுக்கவும் போகும் பெண்கள் விடியற்காலையில் குட்டி யானைகளின் பின்தட்டில் நின்றபடி போகிறார்கள். சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். பேருந்து வராத நேரத்தில் கூலி போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் மலைச்சாலையிலும் இதே போன்ற வண்டிகள் ஏறி இறங்குகின்றன. இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பேடு சூடேறிப் பிடிப்பை இழக்கும். அந்த வண்டியின் பேடு எப்போது மாற்றப்பட்டது என்று பின்தட்டில் நிற்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சக்கரத்துக்கு நேர் மேலே நிற்பவர்கள் அவர்கள். கீச்சென்ற சத்தம் ஓட்டுநருக்கு முன்பே அவர்கள் காதில் விழும். அவர்களில் ஒருத்தி “அண்ணே, பிரேக்கு சத்தம் போடுது, இன்னிக்கு நாங்க ஏறலை” என்று சொன்னால் அன்றைய கூலி அவளுக்கு நிற்குமா, வண்டி பட்டறைக்குப் போகுமா என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

உமணர்கள் சேம அச்சு கட்டியது உப்பு மூட்டைகளுக்காக. பாரம் அதிகம், வழி கடினம், எருது இளையது என்று யோசித்து வண்டியில் ஏற்றும் முன்பே செய்தார்கள். அந்த முன்யோசனையில் பாதியாவது குட்டி யானையின் பின்தட்டில் நிற்கும் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும்.